காட்டின் நடுவே நெடுஞ்சாலை தகுமா?

பாதையைப் பழிப்பவன் வியாபாரியாக இருக்க முடியாது. நம் கடைகளில் அடுக்கியிருக்கும் அரிசி, பருப்பு, வெங்காயம், கருவாடு யாவும் ஏதோ ஒரு சாலை வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தன. சாலை நின்றால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் அடுப்பு அணையும். ஆதலின் சாலை ஒரு நிஃமத்து என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எனினும், காவல் செய்து வைத்த ஒரு காட்டைப் பிளந்துகொண்டு பெருஞ்சாலை போடலாமா என்ற கேள்வி எழும்போது, 'சாலை நல்லது' என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. நல்லதாகிய ஒன்றையும் எங்கே, யாருக்காக, எவர் செலவில் செய்கிறோம் என்று பார்ப்பதுதானே நியாயம்?

இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. நமது பேராக் மாநிலத்தின் வடகோடியில், கிரிக் நகரிலிருந்து புறப்பட்டு, தித்திவங்சா மலைத் தொடரைக் கடந்து கிளந்தானின் ஜெலியில் போய் இறங்குகிறதே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, அதுவே போதுமான பாடம்.

சாலை வந்த கதை

அச்சாலைக்கு முன்னே, பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ கோத்தா பாருவுக்குப் போக வேண்டியவர்கள் தெற்கே கோலாலம்பூர் வரை இறங்கி, மலையைச் சுற்றி, மறுபடியும் வடக்கே ஏற வேண்டியிருந்தது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே மலையும் காடும் மதிலாக நின்றன. 1970-ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் அந்தக் காட்டையே தங்கள் கோட்டையாக வைத்திருந்த காலம் அது. 1974-இல் அவர்கள் சாலை வேலை இயந்திரங்களை நாசம் செய்தார்கள். வேலை செய்தவர்களிலும் காவல் நின்றவர்களிலும் சிலர் உயிரிழந்தார்கள். இத்தனையையும் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அம்மலைப் பாதை 1982-இல் திறக்கப்பட்டது.

அதே காலத்தில்தான் தெமெங்கோர் அணையும் கட்டப்பட்டது. பேராக் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பெரிய ஏரி உண்டாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஜஹாய், தெமியார் பூர்வக்குடியினரின் இடங்கள் தண்ணீருக்குள் போயின. அவர்களில் பலர் ஆயர் பானுன் போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சாலை அந்த ஏரியைப் பாலங்களால் கடந்து, பண்டிங் தீவின்மேல் ஏறிச் செல்கிறது. சாலைக்கு வடக்கே பெலும், தெற்கே தெமெங்கோர். ஒரே காடாக இருந்தது இரு காடாயிற்று. 2007-ஆம் ஆண்டு, வடபகுதியில் 117,500 ஹெக்டேர் நிலம் 'ரோயல் பெலும்' மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. தென்பகுதியில் பல்லாண்டுகளாக மரம் வெட்டப்பட்டு வந்தது.

துண்டாடல்

காட்டைச் சாலை இரண்டாக்கினால் என்ன கெட்டுவிட்டது, இரு பக்கமும் காடுதானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. அதுதான் 'துண்டாடல்'.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். நிலம் குறையவில்லை, மரமும் அப்படியேதான் நின்றது. ஆனால் தோட்டம் என்ற ஒன்று இல்லாமற் போயிற்று. பால் மரம் வெட்டியவனுக்கு வேலை போயிற்று. லயத்து வீடு போயிற்று. பள்ளிக்கூடம், கோயில், மதரஸா, கடை எல்லாம் ஆதரவற்று நின்றன. அந்த அவலத்தைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தோட்டப்புறத்திலே கடன் எழுதிச் சரக்குக் கொடுத்த நம் மூத்தோர்களுக்கும் அந்தத் துண்டாடலின் நஷ்டம் தெரியும்.

காட்டுக்கும் இதே கதைதான். ஏக்கர் கணக்கில் பார்த்தால் சாலை தின்றது சொற்பம். ஆனால் யானைக்கு ஒரு நாளைய உணவு சாலைக்கு இப்பாலும், தண்ணீர் அப்பாலும் இருக்கும். புலி தனக்கென்று பெரும் பரப்பை வைத்துக்கொண்டு திரிவது. மலாயாப் புலி இந்நாட்டுக் காடுகளில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு கூறுகிறது. அது போதாதென்று, சாலை வந்த இடத்திலே கண்ணி வைக்கும் வேட்டைக்காரனும் வந்து இறங்குகிறான். முன்னே பல நாள் நடந்து போக வேண்டிய காட்டுக்கு, இன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே புகுந்துவிடலாம் அல்லவா?

2025-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், விடிவதற்கு முன்னே, கிரிக்-ஜெலி சாலையில் கோழி ஏற்றி வந்த லோரி ஒன்று யானைக் குட்டியை மோதிக் கொன்றது. தாய் யானை லோரியை விட்டு அகலாமல், தன் தலையை அதன்மேல் முட்டிக்கொண்டே நின்றது. அன்று அன்னையர் தினம். அந்தப் படத்தைப் பார்த்து நாடே கண் கலங்கியது. ஒரு மாதம் கழியுமுன், ஜூன் 9-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அதே சாலையில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 15 பிள்ளைகள் மாண்டார்கள். ஆசிரியர்களாகப் போக வேண்டியவர்கள் அவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். மனித உயிரின் மதிப்பு வேறு. ஆனால் மலையும் இருளும் மூடுபனியும் வளைவும் கூடிய பாதையில் அவசரம் ஏறிக்கொண்டால், அது மிருகத்தையும் விடுவதில்லை, மனிதனையும் விடுவதில்லை என்பதை இரண்டு சம்பவங்களும் சேர்ந்தே நமக்குச் சொல்லுகின்றன.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது ஆட்சேபம்: 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். மனிதன் பசித்திருக்க யானைக்குப் பரிதாபப்படுவதா?'

மனிதன் மேலானவன் என்பதை நாம் மறுக்கவில்லை. மேலானவன் என்பதாலேயே அவனிடம் பூமி அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது. அமானிதப் பொருளை வைத்திருப்பவன் அதைப் பயன்படுத்தலாம், பாழாக்கக் கூடாது. திருப்பிக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. மேலும் காடு யானைக்கு மட்டும் உரியதன்று. பேராக் ஆற்றின் தண்ணீர் அந்த மலைக்காட்டிலிருந்தே ஊறி வருகிறது. மலைச்சரிவின் மரத்தை நீக்கினால், மழைக்காலத்தில் மண் சரிந்து சாலையே அடைபடுகிறது. காட்டைக் காப்பது மனிதனைக் கைவிடுவதாகும் என்பது தவறான கணக்கு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: 'ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நாலா பக்கமும் சாலை இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வாசலில் ஓடுகிறது. நீங்கள் கிளந்தான்காரனைப் பார்த்து, காடு கெட்டுப்போகும், உனக்குச் சாலை வேண்டாம் என்று சொல்வது ஊருக்கு உபதேசம் அல்லவா?'

இதற்கு நாம் தலைவணங்கித்தான் ஆகவேண்டும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வழியில்லாத ஊருக்கு முதல் சாலை தேவை. பிள்ளைகளின் படிப்புக்கும், விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு போவதற்கும் அது தேவை. ஆகவே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை அன்று போட்டது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இதிலிருந்தே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் ஊருக்குப் போகும் முதல் சாலை தேவையால் உண்டாவது. இரண்டாவது சாலை வசதியால் உண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் அவசரத்தாலும் ஆதாயத்தாலும் உண்டாகின்றன. தேவைக்கு இளகும் சட்டம் ஆதாயத்துக்கு இளகலாகாது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்று மதரஸாவில் ஓதிய நாம், அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மேலே போகக்கூடாது என்பதையும் கூடவே ஓதியிருக்கிறோம்.

இந்த அளவுகோலை வைத்துச் சில வழக்குகளைப் பார்ப்போம். 1990-களில் கெந்திங் மலை, பிரேசர் மலை, கேமரன் மலை ஆகிய மூன்றையும் மலை உச்சியோடு உச்சியாக இணைத்துச் சாலை போடும் யோசனை வந்தது. மூன்றுக்கும் அடிவாரத்திலிருந்து ஏற்கெனவே தனித்தனிச் சாலை உண்டு. உல்லாசப் பிரயாணிகள் இறங்காமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம் என்பதற்காக மலைக்காட்டை வெட்ட வேண்டுமா? எதிர்ப்பு எழுந்தது, யோசனை நினைத்தபடி நிறைவேறவில்லை. தமிழ்நாட்டில் 2018-இல் சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தது. விளைநிலமும் காப்புக் காடும் அதன் வழியில் இருந்தன. சேலத்துக்கோ உளுந்தூர்பேட்டை வழியாகவும் கிருஷ்ணகிரி வழியாகவும் முன்னமே நல்ல சாலைகள் இருந்தன. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் டில்லி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டம் எப்பக்கம் சாய்ந்தாலும், 'இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் ஆகாதா?' என்று உழவன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டிலும் இதே வழக்கு. செரெங்கெட்டி என்ற உலகப் புகழ் பெற்ற வனத்தின் வடபகுதியைக் குறுக்கே கடந்து நெடுஞ்சாலை போட 2010-இல் திட்டமிட்டார்கள். இலட்சக்கணக்கான மிருகங்கள் ஆண்டுதோறும் புல் தேடி நடக்கும் வழி அது. வனத்தைச் சுற்றித் தெற்கே வேறு வழியாகப் போகலாம் என்று பலர் எடுத்துக் காட்டினார்கள். 2014-இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அங்கே தார்ச்சாலை போடுவது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. ஊர்களுக்குச் சாலை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிப் போக வழி இருக்கும்போது நெஞ்சைக் கிழித்துப் போகாதே என்றார்கள், அவ்வளவே.

மூன்றாவது ஆட்சேபம்: 'இப்போதுதான் மிருகங்களுக்கென்று பாலம் கட்டுகிறார்களே, பிறகென்ன கவலை?'

கட்டியது நல்ல காரியம். கிரிக் அருகே சாலையைத் தூண்களின் மேல் தூக்கி, அடியில் மிருகங்கள் நடந்து போகும்படி சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் அமைத்திருக்கிறார்கள். துண்டான காடுகளை மீண்டும் ஒட்ட வைக்கும் தேசியத் திட்டத்தில் அது ஒரு பகுதி. ஆனால் நூறு கிலோமீட்டர் சாலைக்கு அந்த ஒரு வாசல் போதுமா? அந்தப் பாலம் எழுந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தக் குட்டி யானை மாண்டது. சாலை போடும்போதே வாசல்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், சாலையின் உண்மையான விலை தெரியும். அந்த விலை கட்டுபடியாகாது என்றால், சாலையே கட்டுபடியாகாது என்று அர்த்தம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காட்டிலே போடுவதை மட்டும் அளக்காமல் போடலாமா?

காவல் என்பது ஒரு வாக்கு

ஒரு காட்டை அரசிதழில் அறிவித்துக் காவல் செய்வது என்ன? ஒரு தலைமுறை இனி வரும் தலைமுறைக்குக் கொடுக்கும் வாக்கு. நமக்கு இது புதிதன்று. வக்ஃபு சொத்தை நாம் அறிவோம். ஒரு பெரியவர் பள்ளிவாசலுக்கென்று வக்ஃபு செய்த கடையை, இன்றைய நிர்வாகிகளுக்கு நல்ல விலை வந்தது என்பதற்காக விற்றுவிட முடியுமா? தவிர்க்க முடியாத நிலை வந்தால் மாற்றலாம். அப்போதும் அதற்கு ஈடானதோ மேலானதோ அதன் இடத்தில் வைக்க வேண்டும். காவல் நிலத்தின் காவலை நீக்குவோருக்கும் இதே நிபந்தனை பொருந்தும். ஆயிரம் ஆண்டுக் காட்டுக்கு ஈடு எங்கே கிடைக்கும் என்பதை நீக்குகிறவர்தான் காட்ட வேண்டும்.

பொது நன்மைக்கென்று நிலத்தைக் காவல் செய்யும் வழக்கத்துக்கு நம் மார்க்கத்தில் 'ஹிமா' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சூழ்ந்த நிலத்தில் மரம் வெட்டலாகாது, வேட்டையாடலாகாது என்று எல்லை வகுத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமா ஒன்றுக்குக் காவலரை நியமித்தபோது சொன்ன புத்திமதி இந்த விஷயத்துக்கு விளக்குப் போன்றது. ஒன்றிரண்டு ஒட்டகமும் ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. பெருமந்தைகளை உடைய செல்வர்களை விடாதே. செல்வரின் மந்தை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை மடிந்தால் பிள்ளைகளோடு நம் வாசலுக்கு வந்து நிற்பான். இதுவே அவர்கள் சொன்னதன் கருத்து.

இன்றைய நிலைமை பல இடங்களில் இதற்குத் தலைகீழ். தேனும் பிரம்பும் எடுக்கும் பூர்வக்குடியினன் தன் காட்டிலேயே வேற்றாளாகிறான். மரக்கட்டை ஏற்றிய பெரிய லோரிகளுக்குப் பாதை திறந்திருக்கிறது. காட்டுச் சாலை போடுமுன் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வாசல் யாருடைய மந்தைக்காகத் திறக்கப்படுகிறது?

வியாபாரக் கணக்கிலும் ஒரு நியாயம் உண்டு. லாபம் யாருக்கோ, நஷ்டத்தின் பொறுப்பும் அவருக்கே என்பது பிக்ஹுச் சட்டத்தின் விதி. லாபத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு நஷ்டத்தை மற்றொருவர் தலையில் கட்டுவது வியாபாரமாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. சாலையின் லாபம் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கும் லோரி முதலாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் வந்து சேருகிறது. நஷ்டமோ, நம் பேரேட்டில் பெயரே இல்லாதவர்களின் பற்றில் எழுதப்படுகிறது. யானைக்குக் கணக்குப் பிள்ளை இல்லை. இனிப் பிறக்கப் போகும் பிள்ளைக்கும் இல்லை. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையைப் பற்றிச் சொன்ன பழமொழி, தார்ச்சாலையில் கிடக்கும் குட்டிக்குப் பொருந்தாமற் போயிற்றே!

சாலை உறங்கலாமே

போட்டாகிவிட்ட சாலையை என்ன செய்வது? பெயர்த்தெறிய முடியாது, எறியவும் வேண்டாம். ஆனால் மனிதனுக்கு இரவில் உறக்கம் உண்டு; சாலைக்கும் கொடுக்கலாம். கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிக் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. ஆம்புலன்ஸ் முதலிய அவசர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையிலும் 2022 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுத் தடை வந்தது. அங்கேயும் வியாபாரிகளும் லோரிக்காரர்களும் முணுமுணுத்தார்கள். காய்கறி வாடுகிறது என்றார்கள். அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. மலைக்கிராமத்து மக்களுக்கென்று விலக்குகள் தேவைப்பட்டன.

நம் கிழக்கு மேற்குச் சாலையிலோ இது புதிய யோசனையும் அன்று. திறந்த காலத்தில், கம்யூனிஸ்டு அபாயம் காரணமாக, இரவிலே அச்சாலையில் வண்டி விடவில்லை. பகலில் மட்டுமே போக்குவரத்து நடந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தான பிறகே அந்த அச்சம் நீங்கியது. துப்பாக்கிக்குப் பயந்து இரவில் மூடி வைத்தோம். அப்போதும் கிளந்தானில் அடுப்பு எரிந்தது, பேராக்கில் கடை நடந்தது. பயத்துக்காகச் செய்ய முடிந்ததை இரக்கத்துக்காகச் செய்ய முடியாதா? குட்டி யானையும் மாணவர்களும் மாண்ட நேரம் இரண்டுமே இரவு நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கும் அவசரத்துக்கும் வாசல் திறந்திருக்கட்டும். மற்றச் சரக்கு விடியும்வரை காத்திருக்கட்டும். முழுத் தடை கூடாதென்றால், யானை கடக்கும் இடங்களிலாவது வேகத்தைக் கட்டுப்படுத்தி, கண்டிப்பாக அமல் நடத்தட்டும்.

இதன் செலவு நம்மவர்களையும் தொடும். கிழக்குக் கரையிலிருந்து வரும் மீனும் கெரோப்போக்கும் சில மணி நேரம் தாமதிக்கும். பனிக்கட்டிக்கு இன்னும் கொஞ்சம் செலவாகும். லோரி வாடகை ஏறலாம். அதனால் விலையும் ஏறலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டுத் தர்மம் பேசுவது யோக்கியமாகாது. ஆனால் அந்தக் கூடுதல் காசுதான் அந்தச் சரக்கின் சரியான விலை. இதுவரை அதை வேறு யாரோ நமக்காகக் கொடுத்து வந்தார்கள்.

முடிவாக

காட்டின் நடுவே நெடுஞ்சாலை தகுமா என்ற கேள்விக்கு 'ஒருபோதும் தகாது' என்பதும் நம் பதிலன்று, 'எப்போதும் தகும்' என்பதும் நம் பதிலன்று. நான்கு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் வந்தபின் முடிவு செய்யலாம். இது தேவையா, வசதியா? சுற்றிப் போக வேறு வழியோ, அகலப்படுத்த வேறு சாலையோ உண்டா? லாபம் அடைகிறவர்கள் நஷ்டத்தைத் தாங்க முன்வருகிறார்களா? அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டாயிற்றா? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கோடரி காத்திருக்கட்டும். வெட்டாத மரத்தை நாளைக்கும் வெட்டலாம். வெட்டிய காட்டை நாளைக்கு நட முடியாது. சந்தேகம் உள்ள இடத்தில் பின்வாங்கும் பேணுதல், நம் கொடுக்கல் வாங்கலில் மட்டும் இருந்தால் போதுமா?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே ஓதி வந்தவர்கள் நாம். முள்ளையும் கல்லையும் நினைத்தே அதைப் படித்தோம். தலைமுறை தலைமுறையாக யானை நடந்த பாதையில் குறுக்கே கிடப்பது நம் சாலை. அதை முற்றும் அகற்ற முடியாவிட்டாலும், அதன் தொல்லையைக் குறைப்பது நம் மேல் கடமை. லோரி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் ஓட்டுநரிடம், கிரிக் தாண்டினால் மெதுவாகப் போ, தாமதத்துக்கு நான் கோபிக்க மாட்டேன் என்று சொல்லட்டும். புதிய சாலைத் திட்டம் எதுவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நம் சங்கத்தின் பெயராலும் இந்த நான்கு கேள்விகள் அங்கே எழுதிக் கொடுக்கப்படட்டும். கடையடைத்துக் கணக்குப் பார்க்கும் நேரத்தில், வரவு செலவோடு இந்த அமானிதக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக.